வெண்ணெயா, மார்ஜரினா: எந்த பேக்கிங்குக்கு எது?

ரெசிபியில் 200 கிராம் வெண்ணெய் என்று போட்டிருக்கிறது. கடை அலமாரியில் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின், அதைவிடக் குறைந்த விலையில். எதை எடுப்பது? இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். வெண்ணெய் ஒன்றுதான் அசல், மற்றது போலி என்பார் ஒருவர். எல்லாம் கொழுப்புதானே, எதைப் போட்டால் என்ன என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நீங்கள் செய்யப்போகும் பண்டத்தில் கொழுப்புக்கு என்ன வேலை என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரு பிஸ்கட்டில் அது ருசியையே தருகிறது. கேக்கில் காற்றைப் பிடித்து வைக்கிறது. பஃப்பில் மாவும் மாவும் ஒட்டாமல் நடுவில் நிற்கிறது. இந்த மூன்று வேலைக்கும் ஒரே ஆள் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் லேபிளைத் திருப்புங்கள்

கடையில் விற்கும் வெண்ணெயில் 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்கும். சில ஐரோப்பிய வகைகளில் 82, 84 வரை போகும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், ஏறத்தாழ 16 சதவீதம். கடைசியில் ஒன்றிரண்டு சதவீதம் பாலின் புரதமும் பால் சர்க்கரையும். அளவில் மிகச் சிறிய இந்தக் கடைசிப் பகுதிதான் வெண்ணெயின் பெரிய பலம். அதைப் பிறகு பார்ப்போம்.

மார்ஜரினும் கட்டமைப்பில் இதே மாதிரிதான்: கொழுப்புக்குள் நுண்ணிய துளிகளாகத் தண்ணீர். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய், அதோடு கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் லெசித்தின் போன்ற கூழாக்கிகள், உப்பு, வாசனை, நிறம். சிக்கல் என்னவென்றால், மார்ஜரின் என்ற பெயரில் பேச்சு வழக்கில் நாம் எடுத்துக்கொள்ளும் டப்பாக்கள் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. கட்டியாக வரும் பேக்கிங் மார்ஜரினில் வெண்ணெயைப் போலவே 80 சதவீதம் கொழுப்பு இருக்கும். ரொட்டியில் தடவுவதற்கென்று டப்பாவில் மென்மையாக வரும் ஸ்ப்ரெட்களில் அது 60 இருக்கலாம், 40கூட இருக்கலாம்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் வெண்ணெயில் 160 கிராம் கொழுப்பு, 32 கிராம் தண்ணீர். அதே 200 கிராம் 40 சதவீத ஸ்ப்ரெட்டில் 80 கிராம்தான் கொழுப்பு. தண்ணீர் நூறு கிராமுக்கு மேல். அதாவது ரெசிபி கேட்ட கொழுப்பில் பாதியைக் குறைத்துவிட்டு, அரை டம்ளர் தண்ணீரையும் சேர்த்து ஊற்றியிருக்கிறீர்கள். மைதாவில் தண்ணீர் கூடினால் மாவின் புரதமான குளூட்டன் இறுகும், கேக் ரப்பர் மாதிரி வரும். பிஸ்கட் மொறுமொறுப்பாகாது. "மார்ஜரின் போட்டேன், கெட்டுப்போச்சு" என்ற புகார்களில் ஒரு பெரிய பங்கு மார்ஜரின் மேல் போடவேண்டிய பழியே இல்லை என்றுதான் நினைக்கிறேன். தடவ வேண்டியதை பேக்கிங்கில் போட்டால் அப்படித்தான் ஆகும்.

70 சதவீதக் கொழுப்புள்ள மார்ஜரின்தான் கிடைத்தது என்றால் கேக்கில் சமாளிக்கலாம். 160 கிராம் கொழுப்பு வேண்டுமானால் 230 கிராம் அளவுக்கு எடுக்க வேண்டும். கூடவே வரும் தண்ணீருக்காக ரெசிபியில் உள்ள பாலில் சுமார் 30 மில்லி குறைத்துக்கொள்ளலாம். பால் சேராத பிஸ்கட்டில் இந்த வித்தை செல்லாது, குறைப்பதற்கு அங்கே திரவமே இல்லை. 60க்குக் கீழே என்றால் பேக்கிங்குக்கு வேண்டாம், டோஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது கடைந்தவர் கையைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் அலசி, மோர் முழுக்கப் போகும்வரை கரண்டியால் அழுத்திப் பிழிந்தால்தான் கடை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வரும். அப்படியும் பிஸ்கட்டுக்கு அதை நம்பி இறங்க மாட்டேன்.

இனி இந்தக் கட்டுரையில் மார்ஜரின் என்றால் 80 சதவீதக் கட்டி மார்ஜரின் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

உருகும் இடம்

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் முழுக்க உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் வெண்ணெய் பிஸ்கட் வாயில் போட்டதும் கரைந்து, பின்னால் எதுவும் ஒட்டாமல் போய்விடுகிறது. மார்ஜரினின் உருகுநிலை தயாரிப்பாளர் தீர்மானிப்பது. எந்த எண்ணெயை எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதை வைத்து மென்மையாகவும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம். பஃப் செய்வதற்கென்றே விற்கும் மார்ஜரின் 40 டிகிரிக்கு மேலும் கெட்டியாக நிற்கும். அது கை வேலைக்குச் சுகம், வாய்க்கு இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு தடவினாற்போல் ஒரு படலம் நிற்கும். சூடாக எதையாவது குடித்தால்தான் போகும்.

வேலை செய்வதற்கு எவ்வளவு வெப்ப இடைவெளி கிடைக்கிறது என்பது அடுத்த வேறுபாடு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் கல். 18 முதல் 20 டிகிரியில் சரியான பதம். 24ஐத் தாண்டினால் தளர்ந்து எண்ணெய்ப்பசை விட ஆரம்பிக்கும். நமக்குக் கிடைப்பது சில டிகிரி இடைவெளிதான். மார்ஜரினுக்கு இந்த இடைவெளி மிகப் பெரிது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்திலேயே கலவை அடிக்கும் பீட்டர் கருவிக்கு வளைந்து கொடுக்கும், சமையலறை வெக்கையிலும் சட்டென்று உருகி ஓடாது. வெயில் காலத்தில் பேக்கிங் செய்கிறவர்கள் மார்ஜரினை விடாமல் பிடித்திருப்பதற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை.

கேக்குக்கு இது ஏன் முக்கியம்? வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரையின் கூர்மையான விளிம்புகள் கொழுப்பைக் கீறி, அதில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்களை அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழ்களைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. கொழுப்பு கல்லாக இருந்தால் கீறல் விழாது. உருகியிருந்தால் விழுந்த குமிழ் நிற்காது. பதம் சரியாக இருக்கும்போது கிண்ணத்தில் தெரிந்துவிடும்: மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும், ஓரங்களில் பஞ்சு மாதிரி ஒட்டும், விரலில் எடுத்துத் தேய்த்தால் சர்க்கரை நறநறப்பு குறைந்திருக்கும். வெளுக்காமல் பளபளவென்று மின்னினால் வெண்ணெய் சூடாகிவிட்டது. கிண்ணத்தோடு பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பீட்டர் சுற்றும் உராய்விலேயே ஓரிரு டிகிரி ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மார்ஜரின் இந்த வேலையில் வெண்ணெய்க்குச் சளைத்ததில்லை, பல நேரம் ஒரு படி மேல். அதன் கொழுப்புப் படிகங்கள் மிகச் சிறியதாக அமையும்படி தயாரிக்கப்படுகின்றன. சிறிய படிகம் காற்றை நன்றாகப் பிடிக்கும். கூழாக்கி இருப்பதால், முட்டை கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தாலும் கலவை திரிந்து தண்ணீர் விடுவது குறைவு. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி ஒரே தடவையில் அடிக்கும் கேக் முறைக்கு அறை வெப்பத்தில் இளகிய மார்ஜரின் மிகப் பொருத்தம். வெந்த கேக்கும் இரண்டு மூன்று நாளுக்கு மெத்தென்று இருக்கும். வெண்ணெய் கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் உள்ளே கொழுப்பு இறுகி, கேக்கே காய்ந்துபோன மாதிரி தோன்றும். அறை வெப்பத்துக்கு வந்தால்தான் பழைய மென்மை திரும்பும்.

ஆகவே உயரம், மென்மை, கை வேலைச் சுலபம் என்று மட்டும் பார்த்தால் கேக்கில் மார்ஜரின் ஜெயிக்கிறது. பிறகு ஏன் வெண்ணெய் கேக்குக்கு இத்தனை மதிப்பு? வாயில் போட்டால்தான் தெரியும்.

ருசி எங்கே தெரியும், எங்கே தெரியாது

வெண்ணெய் வாசனை ஒற்றை வாசனை இல்லை. அதில் டையசெட்டில் என்ற வாசனைச் சேர்மம் இருக்கிறது, லாக்டோன்கள் இருக்கின்றன, குறுகிய சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. மார்ஜரினில் சேர்க்கும் வெண்ணெய் மணம் பெரும்பாலும் டையசெட்டிலை நம்பி நிற்கிறது. முகர்ந்து பார்த்தால் வெண்ணெய் மாதிரியே இருக்கும், மென்று விழுங்கும்போது பாதியில் கைவிட்டுவிடும். அதற்கு மேல் அந்த ஒன்றிரண்டு சதவீதப் பால் பொருள் இருக்கிறதே, ஓவன் சூட்டில் பால் புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து, கருகாத ஒரு வறுத்த வாசனையைத் தருகின்றன. வெண்ணெய் பிஸ்கட்டின் ஓரம் பொன்னிறமாக வருவதில் அதற்கும் பங்கு உண்டு.

இதனால் மாவு, சர்க்கரை, கொழுப்பு என்று மூன்றே பொருளில் முடியும் ஷார்ட்பிரெட் போன்ற பிஸ்கட்டில் பேச்சே வேண்டாம், வெண்ணெய்தான். அங்கே ஒளிந்துகொள்ள வேறு ருசியே கிடையாது. மார்ஜரினில் செய்தாலும் உதிரும், பார்க்கவும் நன்றாக இருக்கும்; ஆனால் கடித்ததும் இனிப்பான மாவு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றாது. வெனிலா மட்டும் போட்ட பவுண்ட் கேக்குக்கும் இதையேதான் சொல்வேன். விருந்தாளிக்கு வைக்கும் பண்டத்தில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

மாறாக, கோகோ நிறைய விழும் சாக்லேட் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையும் கிராம்பும் இஞ்சியும் மணக்கும் மசாலா கேக், நன்றாகக் கனிந்த வாழைப்பழக் கேக், காபி கேக் இவையும் இதே கூட்டம்தான். இவற்றில் வெண்ணெயின் நுண்ணிய மணம் அடியில் எங்கேயோ அமுங்கிப் போகும். கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றால் என்னால் பிரித்துச் சொல்ல முடியும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். ஒரு கூட்டத்துக்கே கேக் சுட வேண்டுமென்றால், அதுவும் சாக்லேட் கேக் என்றால், மார்ஜரினை எடுப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

ஈஸ்ட் போட்ட பன், பிரெட் வகைகளில் அரைக் கிலோ மாவுக்கு 30, 40 கிராம் கொழுப்புதான் போகும். உள்ளே எது போனாலும் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. மாவில் மார்ஜரினைப் பிசைந்துவிட்டு, ஓவனிலிருந்து இறக்கிய சூட்டோடு மேல்பக்கம் கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள். மூக்குக்கும் நாக்குக்கும் முதலில் படுவது அந்த மேல்தோல்தான். பன் முழுக்க வெண்ணெயில் செய்தது என்றே நினைப்பார்கள்.

கொழுப்பை உருக்கி ஊற்றும் மஃபின், பிரவுனி வகைகளில் பதம், படிகம் என்ற பேச்சே இல்லை. மிஞ்சுவது ருசி ஒன்றுதான்; அதை மேலே சொன்ன கணக்கில் முடிவு செய்யலாம். ஆனால் ரெசிபி "வெண்ணெயைச் சிவக்க விடவும்" என்றால் மார்ஜரின் ஆட்டத்திலேயே இல்லை. வெண்ணெயை அடுப்பில் வைத்தால் முதலில் சடசடவென்று தண்ணீர் வெடிக்கும், பிறகு நுரை எழும்பும், சத்தம் அடங்கும்போது அடியில் கசண்டு சிவக்க ஆரம்பித்து முந்திரி வறுத்த வாசனை வரும். மார்ஜரினை அப்படிக் காய்ச்சினால் தண்ணீர் போகும், எண்ணெய் மிஞ்சும், அவ்வளவுதான். சிவக்க விட்ட வெண்ணெய் நூறு கிராமுக்கு எண்பது கிராம் அளவுக்குச் சுண்டிவிடும் என்பதால் ரெசிபி சொல்லும் எடை சிவக்கும் முன்பா பின்பா என்றும் பாருங்கள்.

குக்கீஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வெண்ணெய் சட்டென்று ஒரே மூச்சில் உருகுவதால் குக்கீஸ் தட்டில் பரவி மெலியும். ஓரம் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் அது நல்லதே. ஆனால் வடிவ அச்சில் வெட்டிய நட்சத்திரம் வட்டமாகி வெளியே வந்தால் யாருக்கும் பிடிக்காது. மாவை அரை மணி நேரமாவது குளிரவைத்துவிட்டு ஓவனில் தள்ளினால் பரவுவது குறையும்.

அடுக்குப் பஃப்பை வீட்டிலேயே செய்யத் துணிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவுக்குள் வைத்து மடிக்கும் கொழுப்புத் தகட்டிலும் மாவிலும் இருக்கும் தண்ணீர்தான் ஓவனில் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. தகடு மாவோடு கலந்துவிட்டால் தூக்க அடுக்கே இருக்காது. வெண்ணெய் 15 டிகிரியை ஒட்டி இருந்தால் தகடு வளையும். அதைவிடக் குளிர்ந்தால் உடைந்து மாவைக் கிழிக்கும், சூடானால் வழியும். குளிரூட்டாத சமையலறையில் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே குளிர்பெட்டி ஓய்வு கட்டாயம். பஃப் மார்ஜரினில் இந்தப் பதற்றம் இல்லை, உயரமும் அழகாக வரும், ஆனால் அந்த மெழுகுப் படலம் வந்தே தீரும். முதன்முதலில் கை பழகுவதற்கு மார்ஜரின், பிறகு வெண்ணெய் என்று போனால் மனம் உடையாது.

கேக் மேல் தடவும் பட்டர்க்ரீம் வேகாத பண்டம், நாக்கில் நேராகப் படுவது. அதனால் ருசிக்கு வெண்ணெய். ஆனால் அறை வெப்பம் 30ஐத் தாண்டினால் வெண்ணெய் ரோஜாக்கள் தலை கவிழும். பாதிக்குப் பாதி கலப்பது இங்கே நல்ல வழி. கேக் கலவைக்கும் இந்தக் கலப்பு கைகொடுக்கும்: வெண்ணெயின் ருசியில் பெரும்பகுதி வந்துவிடும், மார்ஜரினின் மென்மையும் கூட வரும். கலப்பது என்றால் என்னவோ ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

உடம்புக்கு எது?

1869இல் பிரான்சில் மேஜ் மூரியே என்ற வேதியியலாளர் மார்ஜரினைக் கண்டுபிடித்தபோது அதன் மூலப்பொருள் மாட்டுக் கொழுப்பு. மூன்றாம் நெப்போலியன் மலிவான வெண்ணெய் மாற்று கேட்டு அறிவித்த பரிசுக்காகச் செய்தது. தாவர எண்ணெய்க்கு அது மாறியதற்கு முக்கியக் காரணம், 1902இல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற ஹைட்ரஜனேற்ற முறை. அதனால் திரவ எண்ணெயைக் கெட்டியாக்க முடிந்தது. பால் பண்ணைக்காரர்கள் சும்மா விடவில்லை. வெண்ணெய் மாதிரி மஞ்சள் நிறம் சேர்க்கக் கூடாது என்று பல இடங்களில் சட்டம் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1967 வரை, கனடாவின் கியூபெக்கில் 2008 வரை அந்தத் தடை நீடித்தது.

பகுதி ஹைட்ரஜனேற்றத்தோடு வந்த வினை டிரான்ஸ் கொழுப்பு. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்கும் கொழுப்பு அது. வெண்ணெயைவிட மார்ஜரின் இதயத்துக்கு நல்லது என்று பல வருடங்கள் சொல்லப்பட்ட அறிவுரை அங்கேதான் அடிவாங்கியது. டென்மார்க் 2003இல் முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்ற பட்டியலிலிருந்து 2015இல் நீக்கியது. இந்தியாவில் 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே இன்றைய மார்ஜரின் பழைய மார்ஜரின் இல்லை. ஆனாலும் லேபிளில் "பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட" என்று கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

டிரான்ஸ் போனதும் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் பாமாயில் வந்தது. அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்டியாக நிற்கும், அதிகமானால் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் வகை. நூறு கிராம் வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 51 கிராம் அளவுக்கு இருக்கும். கெட்டியாக நிற்கும் மார்ஜரினில் அதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் கெட்டியாக நிற்க வேண்டுமென்றால் நிறைவுற்ற கொழுப்பு ஓரளவு வேண்டும், வேறு வழியில்லை. கலோரியில் இரண்டும் சமம், நூறு கிராமுக்கு 720ஐ ஒட்டி. உடம்புக்கு நல்லது என்று பேசப்படும் மென்மையான ஸ்ப்ரெட்கள்தான் பேக்கிங்குக்கு ஆகாதவை என்பது இதில் உள்ள வேடிக்கை.

200 கிராம் வெண்ணெய் போட்ட கேக்கை 12 துண்டாக்கினால் ஒரு துண்டில் எட்டரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு வரும். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 22 கிராம் சொச்சம். ஒரே துண்டில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயாகிவிட்டது. மார்ஜரினுக்கு மாறி இதில் இரண்டு கிராம் மிச்சம் பிடிப்பதைவிட, துண்டைச் சிறிதாக வெட்டுவது பலன் தரும். எப்போதாவது சுடும் கேக்குக்கு உடம்பைச் சொல்லி வெண்ணெயை ஒதுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தினசரி பிஸ்கட் டப்பா காலியாகும் வீட்டில் கதை வேறு, அங்கே எந்தக் கொழுப்பும் நல்ல பதில் இல்லை. மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதே முடிவு.

வாங்கும்போது

வெண்ணெயாக இருந்தாலும் மார்ஜரினாக இருந்தாலும் உப்பைப் பாருங்கள். உப்பு வெண்ணெயில் பெரும்பாலும் ஒன்றரை முதல் 2 சதவீதம் உப்பு. 200 கிராமுக்கு 4 கிராம் வரை, அதாவது முக்கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. அதை வைத்துச் செய்கிறீர்கள் என்றால் ரெசிபியில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள். பட்டர்க்ரீமுக்கு உப்பில்லாததுதான் சரி. கட்டி மார்ஜரின்களிலும் பலவற்றில் உப்பு இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வெண்ணெய் பக்கத்தில் உள்ள எதன் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். நறுக்கிய வெங்காயத்துக்கு அருகில் திறந்து வைத்த வெண்ணெயில் கேக் சுட்டால் கேக்கும் அதையே பேசும். இறுக்கமாகச் சுற்றி உறைபெட்டியில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். மார்ஜரின் குளிர்பெட்டியிலேயே நீண்ட நாள் தாங்கும். எப்போதாவது மட்டும் சுடுகிறவர்களுக்கு அது ஒரு வசதி.

வீட்டில் யாருக்காவது பால் ஒவ்வாமை இருந்தாலோ, சாப்பிட வருகிறவர் பால் பொருளே தொடாதவர் என்றாலோ வெண்ணெய்க்கு இடமில்லை, கேள்வியே முடிந்தது. ஆனால் மார்ஜரின் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ருசிக்காகப் பால் பொடியோ மோர்ச் சத்துப் பொடியோ சேர்த்தவை உண்டு. ஒவ்வாமைக்காரருக்குச் சுடும்போது பொருட்பட்டியலையும் அதன் கீழே தடித்த எழுத்தில் வரும் ஒவ்வாமை எச்சரிக்கையையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள். போன மாதம் வாங்கிய அதே டப்பாவாக இருந்தாலும் சரி.